வெளியை நிரப்பிவிடும் எதிரொலி: ஓர் "ஆகாய ரட்சை" மந்திரத் தொகுப்பின் மதிப்புரை

ஐம்பூதங்களில் ஆகாயத்துக்கு உரிய பாதுகாப்பு மந்திரம் என்ற விளம்பரத்தோடு இணையத்தில் விற்கப்படும் ஒரு தொகுப்பை 650 ரூபாய் கொடுத்து வாங்கி, அதில் சொல்லியிருக்கும் முறைப்படியே ஒரு மண்டலம், அதாவது 48 நாள், காலைதோறும் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். பெட்டிக்குள் 40 பக்கச் சிறுநூல் ஒன்றும், உள்ளங்கை அளவுச் செப்புத் தகடு ஒன்றும், ஒலிப்பதிவைத் தரவிறக்கிக்கொள்வதற்கான அட்டை ஒன்றும் இருந்தன. வெளியிட்டவர்களின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஏறக்குறைய இதே உள்ளடக்கத்தோடு, வெவ்வேறு அட்டைப்படங்களில், இத்தகைய தொகுப்புகள் பல விற்பனையில் இருப்பதால், வாங்க நினைப்பவர் எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் எந்த அளவுகோலால் இதை அளக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்கு ஓசை, ஊறு (தொடுவுணர்வு), ஒளி, சுவை, நாற்றம் என்ற ஐந்து குணமும் உண்டு. நீர், தீ, காற்று என்று நுண்மையை நோக்கிப் போகப் போக ஒவ்வொன்றாகக் குறைந்து, ஆகாயத்துக்கு வரும்போது ஓசை ஒன்றே எஞ்சுகிறது. "பாரிடை ஐந்தாய்" என்று தொடங்கி "வெளியிடை ஒன்றாய் விளைந்தாய் போற்றி" என்று போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் எண்ணிக்கொண்டு போவது இந்தக் கணக்கைத்தான். அப்படியானால் ஆகாயத்துக்கான மந்திரத்தைப் பழுதறத் தருவது என்பது, அதன் ஓசையைப் பழுதறத் தருவதுதான். தகடு எத்தனை பளபளப்பாக இருந்தாலும், நூலின் தாள் எத்தனை வழவழப்பாக இருந்தாலும், காதுக்கு வருவது சரியாக இல்லையென்றால் இந்தப் பொருளில் வேறு எதுவும் தேறாது.

உள்ளே இருக்கும் மந்திரத்தைப் பற்றி அட்டையில் இரண்டு உரிமைக் கூற்றுகள் உள்ளன: இது முனிவர்கள் மறைத்து வைத்திருந்த மந்திரம் என்பது ஒன்று, இதுவே சிதம்பர ரகசியத்தின் மந்திரம் என்பது மற்றொன்று. இரண்டும் விற்பனைப் பேச்சு. மந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் அது நான்கு இடங்களிலிருந்து எடுத்துக் கோக்கப்பட்ட மாலை என்பது கொஞ்சம் பழக்கம் உள்ளவர்க்கு உடனே தெரிந்துவிடும். தொடக்கத்தில் உள்ள "ஓம் ஹம் ஆகாசாத்மனே" என்பது, பாராயணத்துக்கு முன்னால் வீடுகளில் செய்யப்படும் பஞ்சபூஜையில் வருவது. அங்கே லம் என்று நிலத்துக்குச் சந்தனமும், ஹம் என்று ஆகாயத்துக்குப் பூவும், யம் என்று காற்றுக்குத் தூபமும், ரம் என்று தீக்குத் தீபமும், வம் என்று நீருக்கு நைவேத்தியமும் மனத்தாலேயே படைக்கப்படுகின்றன. அடுத்து வருவது, தலையைச் சுற்றிச் சொடுக்குப் போட்டுத் திசைகளைக் கட்டும் திக்பந்தம். மூன்றாவது வரி பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்து எட்டாம் அத்தியாயமாகிய நாராயண கவசத்தில் உள்ளது. நீரில் மச்சமூர்த்தியும், நிலத்தில் வாமனரும், ஆகாயத்தில் திரிவிக்கிரமரும் காக்கட்டும் என்பது அங்குள்ள வேண்டுதல். நான்காவது, யஜுர் வேதத்தில் உள்ள ஸ்ரீருத்ரத்தின் கடைசி அனுவாகத்தில் (பகுதியில்) வானுலகத்து ருத்திரர்களை வணங்கும் பகுதி. மண்ணில் உள்ள ருத்திரர்க்கு அன்னமும், இடைவெளியில் உள்ளவர்க்குக் காற்றும், வானில் உள்ளவர்க்கு மழையுமே அம்புகள் என்று சொல்லி, ஒவ்வொரு திசைக்கும் பத்து விரல்களைக் கூப்பிப் பாதுகாப்புக் கேட்கும் இடம் அது.

தொகுத்தவர் தேர்ந்தெடுத்த வரிகளில் எனக்குக் குறை இல்லை. சொல்லப்போனால் நல்ல தேர்வு. கவசம் என்ற பெயரில் உடலின் உறுப்புகளை வரிசையாகச் சொல்லிக் காக்கும்படி வேண்டுகிற நூல்கள் நம்மிடம் ஏராளம். உடலைச் சுற்றியுள்ள வெளியைக் காக்கச் சொல்பவை குறைவு. அந்தக் குறைவானவற்றிலிருந்து பொறுக்கி எடுக்கும் அளவுக்கு இதைத் தொகுத்தவர் படித்திருக்கிறார். மூவுலகையும் அளந்தபோது ஓர் அடியால் வானத்தையே அளந்த திரிவிக்கிரமரிடம் வானத்தில் காவல் கேட்பதன் பொருத்தத்தை நூல் அழகாகவே விளக்குகிறது. ஆனால் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஓரிடத்திலும் சொல்லாமல், மறைத்து வைக்கப்பட்ட ஒரே மந்திரம் என்று காட்டியிருப்பது, வாங்குகிறவரை ஏமாற்றுவதோடு மூல நூல்களுக்குப் போகும் வழியையும் அடைத்துவிடுகிறது. இதில் பஞ்சபூஜை வரி பல வீடுகளின் பூஜை அறையில் ஏற்கெனவே தினமும் ஒலிப்பது என்பதை வாங்குகிறவர் அறிந்துகொள்வது நல்லது. சிதம்பரத்தைப் பொறுத்தவரை, காஞ்சிபுரம், திருவானைக்காவல், திருவண்ணாமலை, காளத்தி ஆகிய நான்கோடு சேர்த்து எண்ணப்படும் ஆகாயத் தலம் அது என்பதும், நடராசர் சன்னிதியின் பக்கத்தில் திரையை விலக்கினால் பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெற்றிடமே தெரியும் என்பதும் எல்லோரும் அறிந்தவை. அங்கே வடிவமே இல்லை என்பதுதான் ரகசியம். அதற்கு ஒரு மந்திரத்தை ஒட்டி உறையில் போட்டு விற்பது வேடிக்கையாக இருக்கிறது.

இனி ஒலிப்பதிவு. 108 உரு, அதாவது 108 முறை சொல்வது, ஏறக்குறைய 11 நிமிடம். பாடியவரின் குரலைக் கேட்ட முதல் நாள் நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். "ஹம்" என்பதை அவர் மார்பிலிருந்து தள்ளாமலும் மூக்கில் தொடங்காமலும், மிடற்றிலேயே பிறப்பித்து மூக்கில் முடிக்கிறார். ஹகாரமும் அகரமும் மிடற்றில் பிறப்பவை என்பது வடமொழி இலக்கணத்தின் பால பாடம். யோக நூல்கள் ஆகாயத்துக்கு உரிய விசுத்தி என்ற சக்கரத்தைக் கழுத்தில் வைத்து அதன் நடுவில் ஹம் என்ற எழுத்தை எழுதுவதும் இதோடு ஒத்துப்போகிறது. சைவ சித்தாந்த சாத்திரங்கள் 14-இல் ஒன்றான உண்மை விளக்கம், ஐம்பூதங்களுக்கு எழுத்துச் சொல்லும்போது ல, வ, ர, ய என்று மற்றவர்களைப் போலவே சொல்லிவிட்டு, ஆகாயத்துக்கு மட்டும் ஹகரத்தை விட்டு அகரத்தைக் கொடுக்கிறது. இரு மரபும் வேறு எழுத்தைச் சொன்னாலும் இரண்டும் ஒரே மிடற்றில்தான் வந்து நிற்கின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் ஒற்றுமை. இந்தக் குரல் அந்த இடத்தை அறிந்த குரல்.

ஆனால் அந்தக் குரலின்மேல் ஒலிப்பதிவுக் கூடத்தில் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்! குகைக்குள் பாடியதுபோல் ஓர் எதிரொலியைச் சேர்த்து, அதன் அடியில் தம்பூரா போன்ற ஒரு மின்னணுச் சுருதியை இடைவிடாமல் ஓடவிட்டிருக்கிறார்கள். இதனால் ஓர் உருவின் மகரம் அடங்குவதற்கு முன்பே அடுத்த உருவின் ஓங்காரம் தொடங்கிவிடுகிறது; 11 நிமிடத்தில் ஒரு நொடிகூட ஓசையில்லாத நொடி இல்லை. மகர ஒற்று தேய்ந்து அடங்கிய பிறகு கிடைக்கும் அந்தச் சிறு இடைவெளியில் நிற்பதற்காகத்தான் ஆகாய பீஜத்தை, அதாவது அதன் விதையெழுத்தை, உருவேற்றுகிறோம் என்று நான் நினைத்திருக்கிறேன். வெளிக்கான மந்திரத்தைப் பதிவு செய்துவிட்டு அதில் இருந்த வெளியை எல்லாம் நிரப்பிவிட்டார்கள் என்பதைவிட இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பத்தாம் நாளுக்குப் பிறகு ஒலிப்பதிவை முதல் மூன்று உருவுக்கு மட்டும் கேட்டு, உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொண்டு, கைப்பேசியை அணைத்துவிட்டு என் வாயாலேயே மீதியைச் சொல்லத் தொடங்கினேன். அப்போதுதான் தொகுப்பு பயன்படத் தொடங்கியது.

ஸ்ரீருத்ரப் பகுதியில் வேறொரு குறை. வேத வாக்கியத்துக்கு ஏற்ற இறக்கச் சுரம் உண்டு. அதை விட்டுவிட்டுச் சுலோகம்போல் நேர் நடையில் வாசித்திருக்கிறார்கள். வேத மந்திரத்தைச் சுரம் இல்லாமல் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்று கருதுவோர் பலர். நான் அவ்வளவு கடுமையாகப் போகமாட்டேன் என்றாலும், முறையாகப் பயின்ற ஒருவரை அந்த ஒரு வரிக்காகவாவது அழைத்திருக்கலாம். தைத்திரீய உபநிடதம் தன் முதல் பாடத்திலேயே எழுத்து, சுரம், மாத்திரை என்று வரிசைப்படுத்தித்தான் ஓதும் முறையைத் தொடங்குகிறது. ஆன்மாவிலிருந்து ஆகாயம் தோன்றியது, ஆகாயத்திலிருந்து காற்று தோன்றியது என்று அடுத்த வல்லியில் (பகுதியில்) சொல்லப்போகிற அதே உபநிடதம். சிறுநூல் இந்தப் பிற்பகுதியை மட்டும் அட்டையின் பின்புறத்தில் எடுத்துப் போட்டிருக்கிறது.

சிறுநூலின் பெரிய சிக்கல் அச்செழுத்தில் இருக்கிறது, இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வடமொழியின் நான்கு ககரங்களுக்கும் தமிழில் ஓர் எழுத்துத்தான். ஆகவே தமிழில் மந்திர நூல் அச்சிடுவோர் வல்லெழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிற்றெண் போட்டு வேறுபடுத்துவது நெடுநாள் வழக்கம். இந்த நூலில் அந்த எண்கள் ஒன்றுகூட இல்லை. வேறு மந்திரமாக இருந்தால் சகித்துக்கொண்டிருக்கலாம். ஆகாய மந்திரத்தில் அது முடியாது, ஏனென்றால் ஆகாயத்தின் வடமொழிப் பெயர்களில் ஒன்றே இரண்டாம் ககரத்தில் தொடங்கும் "கம்" என்பதுதான். சாந்தோக்கிய உபநிடதத்தில் உபகோசலன் என்ற மாணவனுக்கு அக்கினிகள் உபதேசம் செய்யும்போது, "கம் பிரம்மம், கம் பிரம்மம்" என்று இரண்டு முறை சொல்கின்றன. முதல் சொல் முதல் ககரம், பொருள் இன்பம். அடுத்த சொல் இரண்டாம் ககரம், பொருள் ஆகாயம். எது இன்பமோ அதுவே ஆகாயம் என்பதுதான் அங்கே நுட்பம். எண் இல்லாத தமிழ் அச்சில் அது ஒரே சொல்லை இருமுறை அடித்த அச்சுப்பிழைபோலத் தெரிகிறது. போதாக்குறைக்கு, மூன்றாம் ககரத்தில் வரும் "கம்" கணபதியின் பீஜம். இன்பமும் ஆகாயமும் பிள்ளையாரும் ஒரே எழுத்தில் வந்து நின்றால் படிக்கிறவர் யாரைக் கூப்பிடுவார்?

இதன் விளைவு நாராயண கவச வரியில் நேராகத் தெரிகிறது. ஆகாயத்தில் என்று பொருள்படும் "கே" என்ற சொல்லும், காக்கட்டும் என்ற "அவது" என்ற சொல்லும் சந்தியில் சேரும்போது அகரம் மறையும். அந்த மறைவைக் காட்ட ஒரு குறி இடுவார்கள். இந்த நூல் எண்ணையும் விட்டு, குறியையும் விட்டு, "கேவது" என்று ஒரே சொல்லாக அச்சிட்டிருக்கிறது. பாதுகாப்புக் கேட்கும் இடமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அதுவே பொருளற்ற ஓசையாகிவிட்டது. விசர்க்கத்துக்கு, அதாவது சொல்லின் இறுதியில் வரும் மெல்லிய ஹகர ஓசைக்கு, போட்டிருக்கும் இரு புள்ளிகளையும் நிறுத்தற்குறி என்று எண்ணி "நம" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதற்கும் ஒரு வரி விளக்கம் கொடுத்திருக்கலாம். எல்லாவற்றையும்விட என்னைத் துணுக்குற வைத்தது, 12-ஆம் பக்கத்தில் "ஹம்" என்றும் 19-ஆம் பக்கத்தில் அதே மந்திரத்தில் "ஹும்" என்றும் இருப்பது. ஹம் ஆகாயத்தின் விதையெழுத்து. ஹும் என்பது, மந்திரம் சொல்லி உடலின் இடங்களைத் தொடும் அங்கநியாசத்தில், கைகளைக் குறுக்கே மாற்றித் தோள்களைத் தொட்டு "கவசாய ஹும்" என்று சொல்லும் இடத்துக்கு உரியது. ஒன்று பூதத்தின் பெயர், மற்றொன்று கவசத்தின் முத்திரை. ஆகாய ரட்சை என்ற பெயரில் வந்த நூலில் ஆகாயமும் கவசமும் இடம் மாறிக் கிடப்பது சாதாரண அச்சுப்பிழை என்று தள்ளக்கூடியது அன்று.

செப்புத் தகட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனமான தகடு, வேலைப்பாடு சுத்தம், ஆனால் நடுவில் பொறித்திருப்பது அறுகோணம். நிலத்துக்கு நாற்கோணம், நீருக்குப் பிறை, தீக்கு முக்கோணம், காற்றுக்கு அறுகோணம், ஆகாயத்துக்கு வட்டம் என்பது மேலே சொன்ன உண்மை விளக்கத்தின் வரிசை. பூஜைக்கு முன் உடலின் ஐம்பூதங்களை மனத்தால் தூய்மையாக்கும் பூதசுத்தியைச் செய்வோரும் இப்படித்தான் பாவிப்பார்கள். அதன்படி எனக்கு வந்திருப்பது காற்றின் தகடு. இதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டபோது, மூன்று நாளில் மரியாதையான பதில் வந்தது. நம்பிக்கைதான் முக்கியம், வடிவம் இரண்டாம்பட்சம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். வடிவம் இரண்டாம்பட்சம் என்றால் தகட்டுக்குப் பணம் வாங்கியிருக்க வேண்டாமே என்று மறுபடி எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை.

நூலில் பாராட்ட வேண்டிய பகுதி, செய்முறை விளக்கம். நியாசம் செய்யும்போது எந்த விரல் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்பதைப் படங்களோடு தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். இதற்கு முன் பார்த்த எந்த மலிவுப் பதிப்பிலும் இவ்வளவு தெளிவு இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கையும், தொடக்கத்தில் 108 வேண்டாம், 27 போதும் என்ற யோசனையும் அனுபவப்பட்டவர் எழுதியவை. ஆனால் இங்கேயும் ஒரு பெரிய விடுபாடு. தொடக்கத்தில் திக்பந்தம் செய்து திசைகளைக் கட்டச் சொல்கிறவர்கள், முடிவில் திக்விமோகம் செய்து அவற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. ஜபம் முடிந்ததும் மறுபடி நியாசம் செய்து, "பூர்புவஸ்ஸுவரோமிதி திக்விமோக:" என்று கட்டை விடுவித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது முறை. கதவைத் தாழிடக் கற்றுக்கொடுத்துவிட்டுத் திறக்கக் கற்றுக்கொடுக்காத கதைதான். பீஜ மந்திரத்தைக் குருமுகமாகப் பெறுவதுதான் மரபு என்பதையும் நூல் ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை. மாறாக, உபதேசம் தேவையே இல்லை என்று அட்டையில் தடித்த எழுத்தில் இருக்கிறது. பஞ்சபூஜையில் வரும் அளவில் யாரும் சொல்லலாம் என்பது வேறு, பீஜத்தைத் தனியே எடுத்து ஆயிரக்கணக்கில் உருவேற்றுவது வேறு.

கடைசி ஆறு பக்கங்கள் அறிவியல் விளக்கம் என்ற தலைப்பில் உள்ளன. அவற்றைக் கிழித்துவிட்டால் நூல் மேம்படும். ஹம் என்ற ஓசை விண்வெளியில் எதிரொலித்துக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஓசை பரவக் காற்றோ நீரோ ஏதேனும் ஓர் ஊடகம் வேண்டும், வெற்றிடத்தில் அது பரவாது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆகாசம் என்று நம் நூல்கள் சொல்வது ராக்கெட் போகிற விண்வெளியை மட்டும் அன்று. குடத்துக்குள் இருக்கும் இடம் கடாகாசம், அறைக்குள் இருக்கும் இடம் மடாகாசம். மற்ற நான்கும் இருப்பதற்கு இடம் கொடுப்பது எதுவோ அது ஆகாசம். இந்த ஒரு கருத்தை வைத்துக்கொண்டே ஆறு பக்கமும் எழுதியிருக்கலாம். தன்னைச் சுற்றியுள்ள இடத்துக்குக் காவல் கேட்பதன் பொருளும் அதனோடு விளங்கியிருக்கும். தமிழ் வாசகருக்கென்றே தயாரித்த நூலில், ந, ம, சி, வ, ய என்ற ஐந்தெழுத்தில் யகரம் ஆகாயத்துக்கு உரியதாகச் சைவர்கள் கொள்வதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

பலன் உண்டா என்று கேட்பார்கள். பதற்றமான நாள்களில், 27 உரு முடித்து எழுந்தபோது குரல் தாழ்ந்து மூச்சு நீண்டிருந்ததைக் கவனித்திருக்கிறேன். அதற்கு மேல் அட்டையில் பட்டியலிட்டிருக்கும் பயண ஆபத்து நீக்கம், கண்ணேறு விலகல் ஆகியவற்றைப் பற்றி 48 நாளில் சாட்சி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. உரு ஏறத் திரு ஏறும் என்பார்கள். எனக்கு உரு இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது.

நியாசம் பழக விரும்புகிறவர், ஏற்கெனவே வடமொழி உச்சரிப்பு அறிந்தவராக இருந்தால், நூல் மட்டும் தனியே 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை வாங்கிப் பென்சிலால் எண்களைப் போட்டுக்கொண்டு படிக்கலாம். உச்சரிப்பை இதிலிருந்தே கற்க நினைப்பவர்க்கு இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். வேறு வெளியீட்டாளரின் தொகுப்பைப் பார்க்கிறவர்கள், விற்பனைப் பக்கத்தில் மாதிரிக்காகக் கொடுத்திருக்கும் ஒலித்துண்டை முழுதும் கேட்டு, இரண்டு உருக்களுக்கு நடுவில் மகரம் அடங்குகிறதா என்று பாருங்கள். மாதிரிப் பக்கத்தைப் பெரிதாக்கி, ககரத்தின் தோளில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டின் படம் இருந்தால் நடுவில் வட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய தொகுப்புக்கு உறை பிரித்துவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை.